உங்களுக்குப் பிடித்த மீனைக் கண்டறிவது எப்படி: தேர்வு முதல் தட்டு வரை முழுமையான வழிகாட்டி

புதிதாக மீன் சமைக்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்த மீன் வாங்கினால் நன்றாக இருக்கும்?" முன்பெல்லாம் ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். அந்தப் பதில் பொய்த்துப்போனதைப் பலமுறை பார்த்த பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ஒருவர் கிழங்கானை வாங்கிக் குழம்பில் போட்டுக் கிளறினார். சட்டியில் முள் மட்டும் மிஞ்சியது. இன்னொருவர் சூரையைக் கருக வறுத்தார். மென்றால் மரத்தூளாக இருந்தது. இருவருமே "இந்த மீன் எனக்கு ஒத்துவராது" என்று முடிவுகட்டினார்கள். மீனில் குறையில்லை. எந்தச் சதைக்கு எந்த நெருப்பு என்பது முன்பே தெரியாமல் வாங்கியதுதான் தவறு.

அதனால் இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசை முக்கியம். கடைக்குப் போவது இதில் ஐந்தாவது படி.

1. கையில் இருக்க வேண்டியவை

மெல்லிய, கூர்மையான கத்தி ஒன்று. மழுங்கிய கத்தி சதையை அறுக்காமல் நசுக்கும். நசுங்கிய சதை நீர் விட்டுச் சட்டியில் உடையும். துடுப்புகளை வெட்ட உறுதியான கத்தரிக்கோல். செதில் சுரண்டக் கத்தியின் முதுகோ கரண்டியோ போதும். சால்மன் போன்றவற்றின் ஊசி முள்ளைப் பிடுங்க ஓர் இடுக்கி.

புதியவர்கள் மறப்பது, மீனை ஒற்றியெடுக்கச் சமையலறைக் காகிதம் அல்லது சுத்தமான பருத்தித் துணி. ஈரமான மீனை எண்ணெயில் போட்டால் நெருப்பு முதலில் அந்த நீரை ஆவியாக்கத்தான் செலவாகும். அதற்குள் சதை உள்ளே வெந்துவிடும், வெளியே சிவக்காது, தோல் சட்டியில் ஒட்டிக்கொள்ளும். "மீன் ஒட்டிக்கொண்டது" என்ற புகாரில் பாதிக்கு மேல் இந்தத் துணி இல்லாததால் வருவது.

அடி கனமான சட்டியும் பனிக்கட்டியும் தேவை. மீனுக்கெனத் தனி வெட்டுப்பலகை இருக்கட்டும். பச்சை மீனின் நீர், சமைக்காமல் உண்ணும் காய் பழங்களில் படக் கூடாது.

2. பெயரை விடுங்கள், சதையைப் பாருங்கள்

ஒரே மீனுக்குப் பல பெயர்கள் உண்டு. மத்தியும் சாளையும் ஒன்றுதான். அயிலையும் கானாங்கெளுத்தியும் ஒன்றுதான். பெயரை மனப்பாடம் செய்வதைவிடச் சதையின் குணத்தைத் தெரிந்துகொண்டால், பெயர் தெரியாத மீனையும் நம்பிக்கையோடு வாங்கலாம்.

*மென்மையான வெள்ளைச் சதை.* கிழங்கான், சங்கரா, திலாப்பியா, காட் போன்றவை. கொழுப்பு மிகக் குறைவு. காட், திலாப்பியா இரண்டிலும் 100 கிராம் சதையில் 2 கிராம்கூடத் தேறாது. சுவை மெலிதாக இருக்கும், எதைச் சேர்த்தாலும் அதை ஏற்றுக்கொள்ளும். மீன் வாடை பிடிக்காதவர்கள் இங்கே தொடங்குவது நல்லது. ஆனால் எளிதில் உடையும், சற்று அதிகமாக வெந்தாலும் வறண்டுபோகும்.

*இறுக்கமான சதை.* வஞ்சிரம், பாறை, கொடுவா, விரால். துண்டு போட்டால் வடிவம் குலையாது. திருப்பினாலும் கிளறினாலும் தாங்கும். கை பழகாதவர்களுக்கு மிகவும் இடம் கொடுக்கும் வகை இதுதான்.

*எண்ணெய்ச் சத்துள்ள சதை.* மத்தி, அயிலை, சால்மன். பண்ணையில் வளர்த்த சால்மனில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 13 கிராம் கொழுப்பு இருக்கும். கொழுப்பு இருப்பதால் நெருப்பில் சற்றுத் தவறினாலும் சதை வறளாது. சுவை ஆழமானது, வாடையும் அதிகம். மத்தி, அயிலையில் கொழுப்பு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருக்காது. இனப்பெருக்கத்துக்கு முன் ஏறி, முட்டையிட்ட பின் இறங்கும். போன முறை ருசித்த அதே மீன் இந்த முறை வெறுமையாகத் தோன்றினால் உங்கள் கைப்பக்குவத்தைச் சந்தேகிக்காதீர்கள்.

*கருஞ்சிவப்புச் சதை.* சூரை வகைகள். ஓயாமல் நீந்தும் மீன்களுக்கு இடைவிடாமல் உழைக்கும் தசை வேண்டும். அந்தத் தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் நிறைந்திருப்பதால்தான் அந்த நிறம். அடியில் பதுங்கியிருந்து எப்போதாவது பாயும் மீன்களின் சதை வெள்ளையாக இருப்பதற்கும் இதுவே காரணம். சூரையை இறைச்சியைப் போல நினைத்துச் சமைக்க வேண்டும். மெல்லிய துண்டாக்கிக் கருக வறுப்பதுதான் அதற்குச் செய்யும் பெரிய கெடுதல்.

*முழுதாக உண்ணும் பொடி மீன்கள்.* நெத்திலி இதில் முதலிடம். முள் மெல்லியது, வறுத்தால் அப்படியே மென்றுவிடலாம்.

கடல் மீன், நன்னீர் மீன் என்ற வேறுபாட்டையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டின் வாடையும் வேறு, அதைப் போக்கும் வழியும் வேறு. எட்டாவது படியில் அதற்கு வருகிறேன்.

3. முள்ளைப் பற்றி முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

யார் சாப்பிடப் போகிறார்கள் என்பதை வைத்து இந்த முடிவை எடுக்க வேண்டும். ருசியான மீனை வாங்கிவிட்டுக் குழந்தைகளுக்கு ஊட்டும்போது தவிப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

வஞ்சிரம், கொடுவா போன்றவற்றில் நடு முள்ளும் விலா முள்ளும்தான் முக்கியமானவை; எளிதில் பிரித்துவிடலாம். நன்னீரில் விரால் அப்படிப்பட்டது. முள்ளுக்கு அஞ்சுகிறவர்கள், முதியவர்கள், சிறுவர்கள் உள்ள வீட்டுக்கு இவை பொருத்தம். அப்போதும் ஊட்டும் முன் விரலால் ஒருமுறை பிசைந்து பார்த்துவிடுங்கள்.

கட்லா, ரோகு முதலான கெண்டை வகைகளின் சதைக்குள்ளேயே கவை போலப் பிரிந்த சிறு முட்கள் உண்டு. அவை எந்த எலும்போடும் இணையாமல் தனியாக நிற்பதால் நடு முள்ளை உருவினாலும் வராது. முதுகுப் புறத்திலும் வால் பக்கத்திலும் அதிகம். வயிற்றுப் பகுதியில் பெரிய விலா முட்கள்தான், கண்ணுக்குத் தெரியும். முதன்முறை கெண்டை வாங்குகிறவர்கள் வயிற்றுத் துண்டையே கேட்டு வாங்குங்கள்.

வால் துண்டு கிடைத்துவிட்டால், தோலை அறுக்காமல் சதையில் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்குக் கீறல்கள் போட்டு எண்ணெயில் பொரியுங்கள். முட்கள் துண்டு துண்டாக அறுபடும். சூடான எண்ணெய் உள்ளே இறங்கி அவற்றை மொறுமொறுப்பாக்கிவிடும்.

4. சமையல் முறையை முடிவு செய்த பிறகே கடைக்குப் போங்கள்

வறுக்கப் போகிறீர்களா, குழம்பா, ஆவியா, அவன் (oven) அடுப்பா? இதை முடிவு செய்தால் எந்த வகைச் சதை தேவை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

குழம்பு, சாறு: இறுக்கமான சதை, அல்லது மத்தி, அயிலை போன்ற எண்ணெய்ச் சதை. இவை புளிப்பையும் காரத்தையும் தாங்கும்.

வறுவல்: 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள துண்டுகள், அல்லது தட்டையான சிறு முழு மீன்கள். வவ்வால் இதற்கு மிகவும் ஏற்றது. உடல் முழுவதும் ஏறத்தாழ ஒரே தடிமனாக இருப்பதால் சீராக வேகும்.

ஆவி: மென்மையான வெள்ளைச் சதை, முழு மீனாக. இங்கே மறைக்க மசாலாவும் இல்லை, சிவந்த மேல்தோலும் இல்லை. அதனால் மிகவும் புதிய மீன் கிடைத்தால் மட்டுமே ஆவியில் வையுங்கள்.

சுடுதல், அவன்: எண்ணெய்ச் சத்துள்ள மீன்கள். அவற்றின் கொழுப்பே அவற்றைக் காக்கும்.

மனத்தில் எப்போதும் இரண்டு மீன்களை வைத்துக்கொள்ளுங்கள். நினைத்த மீன் அன்று மங்கலாக இருந்தால், அதே குணமுள்ள மாற்று மீனை வாங்கலாம். ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு போகிறவர்தான் பழைய மீனோடு திரும்புகிறார்.

அளவு: முழு மீனென்றால் ஒருவருக்கு 400 கிராம், சுத்தம் செய்த துண்டென்றால் 200 கிராம். தலை, முள், குடல், செதில் கழிந்தால் பல மீன்களில் உண்ணும் சதை பாதி எடைகூட வராது.

உணவில் கவனம் தேவைப்படுகிறவர்களையும் இப்போதே கணக்கில் எடுங்கள். சுறா, வாள்மீன் போல நீண்ட காலம் வாழ்ந்து பிற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்துவிடும். கருவுற்றவர்களும் பாலூட்டுகிறவர்களும் சிறு குழந்தைகளும் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களில் அது குறைவு.

5. வாங்கும்போது எதை எந்த வரிசையில் பார்ப்பது

எல்லோரும் கண்ணைத்தான் பார்க்கிறார்கள். பனிக்கட்டியில் நேரடியாகப் பட்ட புதிய மீனின் கண்ணும் மங்கலாகலாம் என்பதால், கண்ணை மட்டும் நம்பக் கூடாது. நான் பார்க்கும் வரிசை இது.

முதலில் வயிறு. மீன் இறந்ததும் குடலில் உள்ள செரிமான நொதிகள் வயிற்றுச் சுவரையே அரிக்கத் தொடங்கும். சிறிய எண்ணெய் மீன்களில் இது மிக வேகமாக நடக்கும். வயிறு கிழிந்த, நொதநொதவென்றிருக்கும் மத்தியை மறுபேச்சில்லாமல் விட்டுவிடுங்கள்.

அடுத்து செவுள். மூடியைத் தூக்கிப் பாருங்கள். பளிச்சென்ற சிவப்பு நல்லது; பழுப்பு, சாம்பல் நிறம், கெட்டியான கொழகொழப்பு ஆகியவை பழமையின் அடையாளம்.

பிறகு விரலால் முதுகை அழுத்துங்கள். குழி உடனே மேலெழும்ப வேண்டும்.

கடைசியாக மோந்து பாருங்கள், செவுளுக்கு அருகில். புதிய கடல் மீனில் கடல்நீரின் வாசம் இருக்கும். அமோனியா நெடியோ புளித்த வாடையோ வந்தால் வேண்டாம். சுறா, திருக்கை வகைகளில் இது இன்னும் முக்கியம். அவற்றின் சதையில் இயல்பாகவே யூரியா உண்டு, நாள்பட்டால் அது அமோனியாவாக மாறும். எவ்வளவு மசாலா போட்டாலும் அந்த நெடி போகாது.

துண்டாக வாங்கினால் செவுள் இருக்காது. நடு முள்ளை ஒட்டிய இரத்தத்தைப் பாருங்கள்: சிவப்பாக இருந்தால் சரி, பழுப்பாக இருந்தால் வேண்டாம். சதையின் அடுக்குகள் தாமாகவே பிளந்து நின்றாலும் அது நாள்பட்ட துண்டு.

உறைந்த மீனைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். பிடித்தவுடன் முறையாக உறையவைத்த மீன், மூன்று நாள் தட்டில் கிடந்த "புதிய" மீனைவிட மேலானது. பொட்டலத்துக்குள் பெரிய பனித்துகள்கள் சேர்ந்திருந்தால் ஒருமுறை உருகி மீண்டும் உறைந்திருக்கலாம். சதையில் வெளுத்த, காய்ந்த திட்டுகள் இருந்தால் அந்த இடம் சக்கையாக இருக்கும்.

பேத்தை மீனைத் தொடவே தொடாதீர்கள். அதன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. எஸ்கொலார் என்ற எண்ணெய் மீனைச் சில இடங்களில் வேறு பெயரிலும் விற்கிறார்கள். அதன் கொழுப்பு மெழுகு போன்றது, நம் உடலால் செரிக்க முடியாது. பலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

6. கடையிலிருந்து சமையலறை வரை

மற்றப் பொருட்களையெல்லாம் வாங்கிவிட்டு மீனைக் கடைசியாக வாங்குங்கள். பையில் பனிக்கட்டி இருக்கட்டும்.

காரணம் ருசி மட்டுமில்லை. சூரை, அயிலை, மத்தி ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. மீன் சூட்டில் கிடந்தால் நுண்ணுயிரிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதைத் தின்றால் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பில் தடிப்பு எழும். ஒவ்வாமை என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் சமைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. நாக்கில் மிளகு போலச் சுருக்கென்று குத்தினால் அந்த மீனைத் துப்பிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வையுங்கள். அதுகூட மீனுக்குச் சற்றுச் சூடுதான். குளிர்ந்த நீரில் வாழ்ந்த மீன்களின் நொதிகள் அந்தக் குளிரிலும் வேலை செய்துகொண்டே இருக்கும். அன்றே சமைக்கவில்லையென்றால், ஓட்டைத் தட்டில் பனிக்கட்டி பரப்பி, அதன்மேல் மூடிய மீனை வைத்து, அடியில் நீர் வடிய ஒரு பாத்திரம் வையுங்கள். உருகிய நீரில் மீன் ஊறக் கூடாது.

உறைந்த மீனை முந்தைய இரவே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். வெந்நீரில் போட்டால் வெளிப்புறம் வெந்து உட்புறம் கல்லாக இருக்கும்.

7. மீன் ஆய்தல்: வரிசை மாறக் கூடாது

முதலில் துடுப்புகள். முதுகுத் துடுப்பின் முள் கையைக் கிழிக்கும். கெளுத்தியின் முள்ளில் நஞ்சும் உண்டு. கத்தரிக்கோலால் அதை அகற்றாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

இரண்டாவது செதில். வாலைப் பிடித்துக்கொண்டு தலையை நோக்கிச் சுரண்டுங்கள். வயிற்றைக் கிழிக்கும் முன் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் முழு வயிறுதான் சுரண்டும்போது உறுதியாக நிற்கும். முதலில் வயிற்றைக் கிழித்துவிட்டால் மீன் தொளதொளவென்று மடியும், செதில்கள் உள்ளே புகுந்து ஒட்டிக்கொள்ளும். நீர் நிரம்பிய பாத்திரத்துக்குள் வைத்துச் சுரண்டினால் செதில் அறையெங்கும் தெறிக்காது.

மூன்றாவது செவுள். அதை வெட்டியெடுங்கள். மீனில் மிக விரைவாகக் கெடும் பகுதி அது.

நான்காவது குடல். கழிவுத் துளையிலிருந்து தலை வரை மேலோட்டமாகக் கீறுங்கள். கத்தி ஆழமாக இறங்கினால் பித்தப்பை உடையும். பச்சை நிறப் பித்தம் சதையில் பட்டுவிட்டால் உடனே கழுவி, நிறம் மாறிய இடத்தை வெட்டியெறியுங்கள். பின்னால் எதைச் சேர்த்தாலும் அந்தக் கசப்பு தெரியும்.

ஐந்தாவது படியைப் புதியவர்களில் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வயிற்றுக்குள் நடு முள்ளை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். அது மீனின் சிறுநீரகமும் இரத்தமும். மேலே உள்ள மெல்லிய சவ்வைக் கீறி, கட்டை விரல் நகத்தால் அல்லது கரண்டி முனையால் வழித்தெடுங்கள். வயிற்றின் உட்புறத்தில் கறுப்புச் சவ்வு இருந்தால் அதையும் தேய்த்து உரியுங்கள். வாடையில் ஒரு பங்கு இந்த இரண்டிலிருந்தும் வருகிறது.

இதன் பிறகு ஓடும் குளிர்நீரில் ஒருமுறை கழுவி, உள்ளும் புறமும் ஒற்றியெடுங்கள். துண்டு போட்ட பிறகு ஏழெட்டு முறை நீர் மாற்றி அலசுகிறவர்களைப் பார்க்கிறேன். வாடையோடு சுவையும் போய்விடுகிறது. முழுதாகக் கழுவிவிட்டுப் பிறகு துண்டு போடுங்கள்.

8. வாடையைப் போக்குதல்: கடலுக்கு ஒன்று, குளத்துக்கு ஒன்று

கடல் மீன் உப்புநீரைச் சமாளிக்கத் தன் சதையில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருளை வைத்திருக்கிறது. மீன் இறந்ததும் நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்கின்றன. கவிச்சி வாடை அதிலிருந்து பிறக்கிறது. எலுமிச்சை, வினிகர், புளி போன்ற எந்தப் புளிப்பும் சிதைந்து உண்டான அந்த வாடைப் பொருளைப் பிணைத்து, ஆவியாகி மூக்கை எட்டாமல் தடுத்துவிடும்.

நன்னீர் மீனின் மண் வாடைக்குக் காரணம் வேறு. நீரில் உள்ள சில நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் தோலிலும் கொழுப்பிலும் சேர்ந்துவிடுகிறது. மழை பெய்ததும் எழும் மண் வாசனையும் இதே பொருளால்தான். மீன் எவ்வளவு புதியதாக இருந்தாலும் இந்த வாடை இருக்கலாம். தோலை உரித்து, தோலுக்கு அடியில் உள்ள கருஞ்சதையைச் செதுக்கினால் பெரிதும் குறையும், புளிப்பும் உதவும்.

புளிப்பில் வெகுநேரம் ஊறவைப்பது பரவலான பிழை. அமிலம் சதையின் புரதத்தைச் சமைத்ததைப் போல மாற்றிவிடும். வெளிப்புறம் வெளுத்து, வறுக்கும்போது பொடிந்து உதிரும். பத்து நிமிடம் போதும். ஆவியில் வைத்த மீனுக்கோ வறுத்ததற்கோ தட்டில் வைத்த பிறகு எலுமிச்சை பிழிவதே மேல்.

9. உப்பு எப்போது

வறுக்கும் துண்டுகளுக்கு 15 முதல் 20 நிமிடம் முன்பு உப்பிடுங்கள். உப்பு மேற்பரப்பின் நீரை வெளியே இழுக்கும், சதையைச் சற்று இறுக்கும். ஊறிய நீரை ஒற்றியெடுத்த பிறகே மசாலாவோ எண்ணெயோ. அந்த நீரைத் துடைக்காமல் மேலே மசாலா பூசினால் அது சட்டியில் கழன்று கருகிவிடும்.

மெல்லிய வெள்ளைச் சதைக்குச் சமைப்பதற்குச் சற்று முன் உப்பிட்டால் போதும்.

சால்மனைச் சூடாக்கும்போது மேலே வெள்ளையாகத் திரண்டு நிற்பது அல்புமின் என்ற புரதம். கெட்டுப்போனதன் அடையாளம் என்று பயந்து ஒருவர் முழுத் துண்டையும் எறிந்ததைப் பார்த்தேன். 1 லிட்டர் நீருக்கு 50 கிராம் உப்பு கரைத்து, துண்டுகளைப் பத்து நிமிடம் ஊறவைத்து ஒற்றியெடுத்தால் அது பெருமளவு குறையும்.

10. நெருப்பில்

மீனின் தசை இழைகள் குட்டையானவை. அவற்றை அடுக்கடுக்காகப் பிணைத்திருக்கும் இணைப்புத் திசு மிக மெல்லியது. குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். அதனால்தான் ஆட்டிறைச்சிக்கு வேண்டிய நேரம் மீனுக்கு வேண்டாம். புதியவர்களின் பிழை ஏறக்குறைய எப்போதும் அதிகமாக வேகவைப்பதுதான்.

*வறுவல்.* வெறும் சட்டியைச் சூடாக்கி, பிறகு எண்ணெய் ஊற்றி, எண்ணெய் அலையலையாக நெளியும்போது மீனை வையுங்கள். தோல் கீழ்ப்பக்கம். வைத்தவுடன் தட்டையான கரண்டியால் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். சூடு பட்டதும் தோல் சுருங்கித் துண்டு வளைந்து எழும்பும், அழுத்தினால் முழுத் தோலும் சட்டியைத் தொடும். பிறகு தீயை நடுத்தரமாக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

சிவந்த தோல் தானாகவே சட்டியை விட்டுவிடும். கரண்டியை நுழைத்தால் எதிர்க்கிறதா? இன்னும் நேரம் ஆகவில்லை. மொத்த நேரத்தில் முக்கால் பங்கு தோல் பக்கம், கால் பங்கு மறுபக்கம். ஒருமுறைதான் திருப்ப வேண்டும். சட்டியில் இடைவெளி விட்டு வையுங்கள். நெருக்கினால் நீராவி சூழ்ந்து மீன் வறுபடாமல் வெந்துவிடும்.

*குழம்பு.* முதலில் குழம்பு முழுவதுமாகத் தயாராகட்டும்: புளிப்பு, உப்பு, காரம், கெட்டித்தன்மை எல்லாம். மீனைப் போட்ட பிறகு எதையும் திருத்த நேரமில்லை. தளதளவென்று கொதிக்கும் குழம்பு துண்டுகளை மோதி உடைக்கும். தீயைக் குறைத்து, மெல்லக் குமிழி வரும் நிலையில் துண்டுகளை இறக்குங்கள். அதன் பிறகு கரண்டி வேண்டாம். சட்டியின் இரு காதுகளையும் பிடித்து வட்டமாக அசையுங்கள். நடுத்தரத் துண்டுகளுக்கு ஆறேழு நிமிடம். அடுப்பை அணைத்த பிறகும் சட்டியின் சூட்டில் வேகும் என்பதால் சற்று முன்பே அணையுங்கள்.

*ஆவி.* நீர் நன்றாகக் கொதித்த பிறகே மீனை உள்ளே வையுங்கள். குளிர்ந்த நீரிலிருந்து தொடங்கினால் மீன் மெதுவாகச் சூடேறி நீர் விட்டுச் சப்பென்றாகும். தோள் பகுதி தடித்தது, வால் மெல்லியது. தோளில் இரண்டு ஆழமான கீறல் போட்டால் இரண்டும் ஒன்றாக வேகும். அரைக் கிலோ முழு மீனுக்கு எட்டு முதல் பத்து நிமிடம். தட்டில் தேங்கும் முதல் நீரில் வாடை இருக்கும், அதை வடித்துவிடுங்கள்.

*அவன்.* 200 டிகிரி செல்சியஸுக்கு மேல், மிகத் தடித்த இடத்தில் 2.5 சென்டிமீட்டருக்குப் பத்து நிமிடம் என்று கணக்கிடுங்கள். எட்டாவது நிமிடத்தில் ஒருமுறை பாருங்கள்.

*பொடி மீன் பொரிப்பு.* எண்ணெய் நல்ல சூட்டில், சிறு சிறு கையளவாக. ஒரேயடியாகக் கொட்டினால் எண்ணெய் ஆறிப்போய் மீன் எண்ணெயைக் குடிக்கும்.

11. வெந்ததை அறிவது

பச்சை மீன் கண்ணாடி போல ஒளி ஊடுருவும். வெந்தது பால் நிறமாகும். தடித்த இடத்தில் கத்தி முனையைச் செருகி மெல்லத் திருகுங்கள். அடுக்குகள் எளிதாகப் பிரிய வேண்டும், நடு முள்ளிலிருந்து சதை சற்றே தயங்கி விட வேண்டும். தானாகவே உதிர்ந்தால் நேரம் கடந்துவிட்டது.

வெப்பமானி இருந்தால் 63 டிகிரி பாதுகாப்பான அளவு. பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ உண்ண விரும்புகிறவர்கள் அறிய வேண்டியது: ஒட்டுண்ணிகள் சாக, மீன் மைனஸ் 20 டிகிரியில் 7 நாட்கள் உறைந்திருக்க வேண்டும். வீட்டு உறைபெட்டிகள் பல அந்தக் குளிரை எட்டுவதில்லை, உறைதல் எல்லா நுண்ணுயிரிகளையும் கொல்வதுமில்லை.

12. உங்கள் மீனைக் கண்டறியும் சோதனை

இத்தனை படிகளும் கைக்கு வந்த பிறகு இதைச் செய்யுங்கள். அதற்கு முன் செய்தால் நீங்கள் எடைபோடுவது மீனை இல்லை, உங்கள் பிழைகளை.

மூன்று மீன்களை ஒரே நாளில் வாங்குங்கள்: மென்மையான வெள்ளைச் சதையில் ஒன்று, இறுக்கமானதில் ஒன்று, எண்ணெய்ச் சத்துள்ளதில் ஒன்று. ஒரே தடிமனான சிறு துண்டுகளாக்கி, உப்பும் எண்ணெயும் மட்டும் சேர்த்து ஒரே சட்டியில் வறுத்தெடுங்கள். மசாலா வேண்டாம், மூன்றும் ஒரே சுவையாகிவிடும்.

மெலிந்த சுவையிலிருந்து தொடங்கி அயிலையில் முடியுங்கள். தலைகீழாகச் சென்றால் எண்ணெய் மீனின் சுவை நாக்கில் தங்கி, கிழங்கான் வெறும் நீர் போலத் தோன்றும்.

ஒவ்வொன்றுக்கும் நான்கு குறிப்புகள் எழுதுங்கள்: சதையின் பதம், கொழுப்பின் நிறைவு, வாடை, முள். "நன்றாக இருந்தது" என்று எழுதாதீர்கள். "அடுக்கடுக்காகப் பிரிந்தது, மென்றபின் இனிப்பு நின்றது" என்று எழுதினால்தான் அடுத்த முறை உதவும். மறுவாரம், உங்களுக்குப் பிடித்த குழுவிலிருந்து மட்டும் மூன்று மீன்கள். பாறையா கொடுவாவா என்ற அளவுக்கு மூன்றாவது வாரத்தில் நெருங்கிவிடுவீர்கள்.

என்னிடம் கற்றுக்கொண்டவர்களில் மீனே வேண்டாம் என்று வந்த பலர் விராலிலோ வஞ்சிரத்திலோ நிலைகொண்டார்கள். சிலர் யாரும் எதிர்பாராதபடி மத்திக்குப் போனார்கள். எனக்கு இன்றுவரை அயிலைதான். தோல் கருகும் எல்லையில் சுட்டு, உப்பு மட்டும் போட்டு.

13. மீந்ததும் முள்ளும்

வறுத்த மீனை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள், இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மறுபடி சூடாக்கும்போது மீனின் கொழுப்பில் ஆக்சிஜன் சேர்ந்து பழைய வாடை எழும்; எண்ணெய் மீன்களில் இது அதிகம். ஆறிய சதையை உதிர்த்து, எலுமிச்சையும் வெங்காயமும் சேர்த்து அப்படியே சாப்பிடுவது நல்லது.

வெள்ளைச் சதை மீன்களின் தலையையும் நடு முள்ளையும் எறியாதீர்கள். செவுளை நீக்கி, இரத்தம் போகக் கழுவி, குளிர்ந்த நீரில் போட்டு மெல்லிய தீயில் 20 முதல் 30 நிமிடம் வைத்தால் தெளிந்த சாறு கிடைக்கும். அதற்கு மேல் கொதித்தால் கலங்கிக் கசக்கும். மத்தி, அயிலை முட்களை இதில் சேர்க்க வேண்டாம். அவற்றின் எண்ணெய் சாறு முழுவதும் பரவிவிடும். வடிகட்டி ஆறவைத்து உறையவைத்தால், அடுத்த குழம்புக்கு நீருக்குப் பதிலாக இதை ஊற்றலாம்.